பழைய டியூப் அடியை விழுங்குவது எப்படி?

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களுக்கு நடுவே மண்பாதைகளில் மலைச் சைக்கிள் ஓட்டும் சேலத்து மாணவர் ஒருவர் கேட்டிருந்தார்: “பிரேமுக்குக் கவசம் விலைக்குத்தான் வாங்க வேண்டுமா? பஞ்சர் கடையில் கிடக்கும் பழைய டியூபைச் சுற்றினால் போதாதா?”

செயின் அடிக்கும் இடத்துக்குத் தாராளமாகப் போதும். மேடுபள்ளத்தில் சைக்கிள் குதிக்கும்போது செயின் எகிறி, பக்கத்தில் இருக்கும் பின்குழாயை அறைகிறது, பெயிண்ட் உரிகிறது. அங்கே டியூப் செய்யும் வேலைதான் அற்புதமானது.

நல்ல டியூப்கள் பியூட்டைல் ரப்பரால் ஆனவை. 1937-இல் அமெரிக்க வேதியியலாளர்கள் வில்லியம் ஸ்பார்க்ஸும் ராபர்ட் தாமஸும் உருவாக்கியது இது. இதன் நீண்ட மூலக்கூறு இழையில், ஒரு கார்பன் விட்டு ஒரு கார்பனில் இரண்டிரண்டு மெத்தில் தொகுதிகள் (ஒரு கார்பனும் மூன்று ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு கொத்துகள்) நெருக்கியடித்து நிற்கின்றன. கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாக் கூட்டத்தில் திரும்பி நிற்பதற்குள் நாலு பேர்மேல் இடிப்போமே, அந்த நிலைதான் ஒவ்வோர் இழைக்கும். அடி விழுந்தால் இழைகள் நெளிந்தாக வேண்டும். உரசி உரசித்தான் நெளிய முடியும். அடியின் ஆற்றலில் பெரும்பகுதி அந்த உரசலிலேயே வெப்பமாகிவிடுகிறது. அதனால்தான் பியூட்டைல் பந்து தரையில் விழுந்தால் சோம்பிக் கிடக்கிறது. அதையே சூடாக்கிப் போட்டால் இழைகள் சுறுசுறுப்பாகித் துள்ளும்! காற்று எளிதில் கசியாததற்கும் இந்த நெரிசலே காரணம். ஆகவே அடிக்கடி காற்றிறங்கிய டியூப் என்றால், பஞ்சரோ வால்வுக் கோளாறோ இல்லாத பட்சத்தில், அது இயற்கை ரப்பராக இருக்கலாம். கவசத்துக்கு அவ்வளவு உதவாது.

இந்த அதிர்வடக்கும் திறனை மாவட்டக் கல்லூரி மாணவர்களே அளந்துவிடலாம். ஆராய்ச்சிப் பணத்தில் ஒரு சிறு பங்கையாவது அவர்களுடைய ஆய்வகங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

முன்சக்கரம் வீசும் கற்கள் வேறு சங்கதி. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலைப் பாறை சார்னோக்கைட் என்னும் கடினப் பாறை. அதிலுள்ள குவார்ட்ஸ் கனிமத்தின் கடினத்தன்மை, கனிமங்களை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ அளவுகோலில் 7. அலுமினியம் 3-ஐக்கூட எட்டாது. கூர்முனை ரப்பரையும் கிழித்துவிடும். எனவே முன்சக்கரத்தின் பின்னால் சாய்ந்திறங்கும் கீழ்க்குழாயில், டியூபின்மேல், நீளவாக்கில் பிளந்த பிவிசி குழாய்த் துண்டு ஒன்றும் வேண்டும். பிவிசி ஓடு அடியைப் பரப்பும், ரப்பர் அதை உள்வாங்கும். பிவிசி சுமார் 80 டிகிரி செல்சியஸில் இளகும், அதை வளைத்துப் பொருத்தக் கொதிநீரே போதும். தீயில் காட்டாதீர்கள், கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும்.

செயின் எண்ணெய் பட்டால் பியூட்டைல் ஊதிப்போகும்; அவ்வப்போது துடையுங்கள். மழைக்காலத்தில் கவசத்தைக் கழற்றி, அடியில் சேர்ந்த சேற்றையும் கழுவுங்கள். சேற்று மணல் பெயிண்டை அரைத்துவிடும்.