வீட்டுக்கே வரும் பிசியோதெரபி: யாரிடம் கேட்பது, என்ன கேட்பது

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் என்றதும் சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுக்கிற திட்டம் என்றுதான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அதைத் தொடங்கியபோதே பிசியோதெரபியும் அதற்குள் இருந்தது. கேட்டால் கிடைக்கும், கேட்காததால்தான் பல வீடுகளுக்கு வருவதில்லை என்பது என் கணிப்பு.

ஸ்ட்ரோக் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்தவர்கள், படுக்கையோடு இருப்பவர்கள், மூட்டு வலியால் நடமாட முடியாத முதியவர்கள் எல்லாம் இதற்குள் வருவார்கள். கட்டணம் கிடையாது. உங்கள் தெருவுக்கு பிரஷர் பார்க்க வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரிடம் சொன்னால் போதும். பெரும்பாலும் உள்ளூர் மகளிர் குழுவில் இருப்பவர்தான். அவர் கண்ணில் படவில்லை என்றால் துணை சுகாதார நிலையத்துச் செவிலியர், இல்லையா, நேரே ஆரம்ப சுகாதார நிலையம். அதுவும் சரிவரவில்லை என்றால் அரசின் மருத்துவ உதவி எண்ணான 104க்கு போன் போடுங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியின் நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், என்ன ஆனது என்று ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்காது.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒரு வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட் என்பதுதான் ஏற்பாடு, அந்த ஒருவர் அத்தனை கிராமங்களையும் சுற்றி வர வேண்டும், ஆகவே தினமும் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். அவர் வந்துபோன நாளுக்கும் அடுத்து வரும் நாளுக்கும் நடுவில் பயிற்சி கொடுக்கப்போவது வீட்டில் இருப்பவர்கள்தான். அதனால் வரும்போது அவர் செய்வதைச் சும்மா நின்று வேடிக்கை பார்க்காமல், எந்தப் பயிற்சி, எத்தனை தடவை, எதுவரை மடக்கலாம் என்று கேட்டு போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு அவர் கண்ணெதிரிலேயே நீங்கள் ஒருமுறை செய்து காட்டுங்கள்.

குறிப்பாகத் தோள்பட்டை. விழுந்த கையில் தசைகள் தளர்ந்திருக்கும், மூட்டு எளிதில் நழுவும். எழுப்பி உட்கார வைக்கிற அவசரத்தில் அந்தக் கையைப் பிடித்து இழுப்பதும், அக்குளில் கை கொடுத்துத் தூக்குவதும்தான் பல வீடுகளில் தோள் வலிக்கு ஆரம்பம். பயிற்சி கொடுக்கும்போது ஒரு கையால் முழங்கைக்கு அடியிலும் இன்னொரு கையால் மணிக்கட்டிலும் தாங்கி, மெதுவாகத் தூக்குங்கள். முகம் சுளித்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும், "கொஞ்சம் பொறுத்துக்கோங்கப்பா" என்று மேலே தள்ளக் கூடாது. எண்ணெய் போட்டு இழுத்து நீவுகிற வேலையும் வேண்டாம்.

தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்து பயிற்சியே நின்றுபோகும். இன்னொன்று, கெண்டைக்கால் ஒன்று மட்டும் திடீரென்று வீங்கி, சூடாகி, வலித்தால் அதைத் தேய்க்கவே கூடாது. உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே மூச்சுத் திணறலும் இருந்தால் யோசிக்காமல் 108.