புறக்காழ்: பனை நிற்கும் விதம்

அறுத்துப் போட்ட வேப்பமரத்தையும் பனையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வேம்பின் செம்பழுப்பு வைரம் நடுவில் இருக்கும். பனையின் வைரமோ கறுத்து, இறுகி, ஓரத்தில் இருக்கும். நடுவே நார்நாராகப் பிரியும் மெத்தென்ற சோற்றிதான். கூரைக்குக் கைமரம் அறுப்பவர்கள் சோற்றியைக் கழித்துவிட்டு ஓரத்தை மட்டும் எடுப்பது இதனால்தான்.

தொல்காப்பிய மரபியல் இந்த வேறுபாட்டை வைத்தே இனம் பிரிக்கிறது: 'புறக் காழனவே புல்லென மொழிப, அகக் காழனவே மரமென மொழிப.' காழ் என்றால் வைரம். அந்தக் கணக்கில் பனை புல். இன்றைய தாவரவியலும் பனையை நெல்லோடும் மூங்கிலோடும் ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. வெறும் கண்ணால் பார்த்து இவ்வளவு சரியாகப் பிரித்திருக்கிறார்களே என்று எனக்கு இன்றும் வியப்புதான்.

வேம்பின் பட்டைக்கு உட்புறம் கேம்பியம் என்ற மெல்லிய வளர்படலம் உண்டு. அது புதுப்புது மரத்திசுவை உண்டாக்க, பழையது உள்ளே ஒதுங்கி வைரமாகிறது. பனைக்கு அந்தப் படலமே கிடையாது. அதனால் முளைத்துப் பல ஆண்டுகள் உயராமல் வடலியாகவே நின்று, முதலில் அடியைப் பருக்க வைத்துக்கொள்கிறது. உயரத் தொடங்கிய பின் சுற்றளவு பெரிதாகக் கூடுவதில்லை. கூடும் எடையைத் தாங்க, தண்டிலுள்ள பழைய உயிரணுக்களே சாகாமல் இருந்து தம் சுவர்களை மேலும் மேலும் தடிப்பாக்குகின்றன. அடிமரத்தின் ஓரம் கோடரியைத் திருப்பும் அளவுக்கு இறுகுவது இப்படித்தான். காற்றில் தண்டு வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசுங்கும். நடுவில் அழுத்தம் சொற்பம். சைக்கிள் சட்டத்துக்கு உள்ளீடற்ற குழாய் போதுமாவதும் இதே காரணத்தால்.

இனி தண்ணீர். மேலே இருந்து உறிஞ்சும் பம்பு சுமார் 10 மீட்டருக்கு மேல் நீரை ஏற்றாது. ஆழக்கிணற்றில் மோட்டாரை உள்ளே இறக்குவது அதனால்தான். பனையோ 20, 30 மீட்டர் வளர்கிறது. ஓலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று விடாமல் பற்றியிருக்கும் நீர் மூலக்கூறுகள் வேர்வரை ஒரே கயிறாக மேலே இழுபடுகின்றன. டப்ளினில் டிக்சன், ஜோலி என்ற இரு அறிவியலாளர்கள் 1894இல் முன்வைத்த விளக்கம் இது. தண்டில் நீர் ஏறும் நுண்குழாயில் காற்றுக்குமிழ் புகுந்தால் கயிறு அறுந்துவிடும். வேம்பு புதுக்குழாய் செய்துகொள்ளும். பனைக்கு அந்த வழியில்லை. 1950இல் உருவான குழாய்தான் இன்றைக்கும் நீர் ஏற்ற வேண்டும். ஆனால் தண்டெங்கும் சிதறிக் கிடக்கும் குழாய்க்கற்றைகள் குறுக்கே கிளைவிட்டு இணைந்திருப்பதால், ஒன்று அடைபட்டாலும் நீர் சுற்றிப் போய்விடும். ஏறுவதற்குப் படி வெட்டிய தென்னை பட்டுப்போகாததற்கும் இதுவே காரணம். ஆனால் அந்த வெட்டு ஒருநாளும் மூடாது.

பாளை சீவினால் சொட்டும் பதநீர், அதே கற்றைகளில் சர்க்கரை கொண்டுபோகும் வேறு குழாய்களிலிருந்து வருகிறது. அவை உட்கருவை இழந்த பின்னும் சாகாமல் இருக்கும் உயிரணுக்கள். நூறு வயதுப் பனையின் அடிமரத்தில் அவற்றுக்கும் ஏறக்குறைய அதே வயது.