தெரிந்த விடை தேர்வறையில் ஏன் நழுவுகிறது?

அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். கடும் காய்ச்சல், உடல் முழுவதும் வியர்வை, குழம்பிய பேச்சு, நிலைகொள்ளாத இரத்த அழுத்தம். மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரையும், காதில் கேட்கும் மாயக்குரல்களுக்கு இன்னொரு மாத்திரையும் சாப்பிட்டு வருகிறார். இந்த நிலைக்கு இரண்டில் எது காரணம்?

முதல் மாத்திரை என்றால் இதற்குப் பெயர் செரட்டோனின் சிண்ட்ரோம். இரண்டாவது என்றால் நியூரோலெப்டிக் மாலிக்னன்ட் சிண்ட்ரோம். இரண்டுமே உயிரைப் பறிக்கக்கூடியவை, காய்ச்சலும் குழப்பமும் இரண்டுக்கும் பொது. நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கொண்டுசெல்லும் வேதிப்பொருளான செரட்டோனின் மிகும்போது நரம்புகள் துள்ளுகின்றன: பாதத்தைச் சட்டென்று மேல்நோக்கித் தள்ளினால் கணுக்கால் தொடர்ந்து துடிக்கும், கண்மணிகள் விரியும், வயிற்றுப்போக்கு வரலாம். மருந்தையோ அளவையோ மாற்றிய 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இது தொடங்கிவிடும். மற்றதில் டோபமின் என்ற இன்னொரு செய்தி வேதிப்பொருளின் வேலை தடைபடுகிறது. உடல் ஈயக்குழாய்போல் விறைக்கும், அனிச்சைச் செயல்கள் மந்தமாகும், தசைச் சிதைவைக் காட்டும் கிரியாட்டின் கைனேஸ் அளவு இரத்தத்தில் ஏறும். இது நாள்கணக்கில் வளர்ந்து வரும். மாற்று மருந்துகளும் வேறு வேறு.

அமெரிக்காவில் மனநல நர்ஸ் பிராக்டிஷனர் ஆக விரும்பும் செவிலியர் எழுதும் சான்றிதழ் தேர்வு இப்படிப்பட்ட கேள்விகளால் ஆனது. நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் நோயைக் கண்டறிந்து மருந்து எழுதித் தரும் செவிலியர். 1965-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லோரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கிய பயிற்சியிலிருந்து வளர்ந்த பணி இது. இன்று பல மாநிலங்களில் இவர்கள் மருத்துவரின் மேற்பார்வை இல்லாமலே நோயாளியைப் பார்க்கலாம். இந்தப் பணிக்கு வர முதுநிலை அல்லது முனைவர் நிலைப் படிப்பு வேண்டும், குறைந்தது 500 மணி நேர மேற்பார்வையிட்ட களப்பயிற்சி வேண்டும், பிறகு இந்தத் தேர்வு. அமெரிக்கன் நர்சஸ் கிரெடென்ஷியலிங் சென்டர் என்ற அமைப்பு நடத்தும் தேர்வில் மூன்றரை மணி நேரத்தில் 175 கேள்விகள். அவற்றில் 25 வருங்காலத் தேர்வுகளுக்காகச் சோதித்துப் பார்க்கப்படுபவை, மதிப்பெண் இல்லை. எவை அந்த 25 என்பது எழுதுபவருக்குத் தெரியாது. 500-க்கு 350 எடுத்தால் தேர்ச்சி. குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதினரின் மனநலமும் பாடத்திட்டத்தில் அடங்கும்.

தேர்வுக்குத் தயாராகும் செவிலியர் சோம்பேறி அல்லர். வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து புத்தகத்தைத் திறப்பவர். அவருடைய உழைப்பு தவறான வழியில் செலவாவதைப் பார்க்கும்போது மனம் வலிக்கிறது. பாடத்தை மறுபடி மறுபடி படிப்பது, மஞ்சள் பேனாவால் கோடிடுவது, விளக்கக் காணொளியை இரண்டாம் முறை ஓடவிடுவது என்று மாதங்கள் போகின்றன. ஒவ்வொரு முறையும் வாசிப்பு எளிதாகிறது. அந்த எளிமையை மூளை அறிவு என்று எடுத்துக்கொள்கிறது. பக்கத்தைப் பார்த்ததும் தெரிந்ததுபோலத் தோன்றுவது ஒரு திறன், பக்கம் இல்லாதபோது அதை வெளியே எடுப்பது முற்றிலும் வேறொரு திறன். தேர்வும் நோயாளியும் கேட்பது இரண்டாவதை.

இந்த வேறுபாட்டை 2006-இல் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் மிக எளிய பரிசோதனையில் காட்டினார்கள். மாணவர்களுக்குச் சிறு கட்டுரைகளைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் இரண்டு முறை படித்தார்கள். மற்றவர்கள் ஒரு முறை படித்துவிட்டு, கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது இரண்டு முறை படித்தவர்களே முன்னே இருந்தார்கள்: 81 சதவீதத்துக்கு எதிராக 75. இரண்டு நாள் கழித்து நிலைமை தலைகீழாகிவிட்டது. படித்தவர்கள் 54, எழுதிப் பார்த்தவர்கள் 68. ஒரு வாரம் கழித்து 42-க்கு எதிராக 56.

இந்த எண்களில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது அந்த முதல் ஐந்து நிமிடம். மறுவாசிப்பு உடனடிப் பலனைத் தருகிறது, அதனால்தான் நாம் அதை நம்புகிறோம். இரவு பத்து மணிக்குப் படித்துவிட்டுப் பத்தரைக்குத் தன்னைத் தானே மெச்சிக்கொள்பவர் பார்ப்பது இந்த ஐந்து நிமிட மதிப்பெண்ணைத்தான். தேர்வு மூன்று மாதம் தள்ளி இருக்கிறது.

நினைவை வெளியே இழுக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது? ஒரு செய்தியைக் கற்கும்போது மூளையின் மேலடுக்கான புறணியின் பல இடங்களில் சிதறிய நரம்பணுக்கள் ஒன்றாக வேலை செய்கின்றன. அவற்றை ஒரே கட்டாகப் பிணைப்பதில் காதுக்கு நேர் உட்புறமாக, மூளையின் ஆழத்தில் இருக்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி பங்கெடுக்கிறது. சேர்ந்து இயங்கிய அணுக்களுக்கு இடையிலான இணைப்பு பலப்படும் என்பதை 1973-இல் டிம் பிளிஸ், தெரியே லோமோ என்ற இரு நரம்பியல் ஆய்வாளர்கள் முயலின் ஹிப்போகேம்பஸில் அளந்து காட்டினார்கள். பக்கத்தைத் திரும்பப் படிக்கும்போது விடை வெளியிலிருந்து வருகிறது. அதைத் தேடிப் போகும் வழி உழைப்பதில்லை. கேள்வியிலிருந்து விடைக்குத் தானாகப் போகும்போது வழியே இயங்குகிறது. வழியில் எழும் தொடர்புடைய செய்திகளும் விடையோடு ஒட்டிக்கொள்கின்றன, அடுத்த முறை நுழைய இன்னொரு வாசல் கிடைக்கிறது. ராபர்ட் பியோர்க், எலிசபெத் பியோர்க் என்ற உளவியலாளர் தம்பதி இதை வேறொரு கோணத்தில் விளக்குகிறார்கள். ஒரு நினைவு எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது ஒன்று, இந்தக் கணத்தில் எவ்வளவு எளிதாகக் கைக்கு வருகிறது என்பது வேறு. கைக்கு வராமல் தடுமாறும் நேரத்தில் வெற்றிகரமாக எடுத்துவிட்டால்தான் பதிவு அதிகம் ஆழமாகிறது.

அப்படியானால் கொஞ்சம் மறந்தபிறகு திரும்பிப் பார்ப்பதே நல்லது. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல், பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து தன் மறதியை அளந்தார். முதல் ஒரு மணி நேரத்திலேயே பாதிக்கு மேல் போய்விட்டது, அதன்பின் சரிவு மெல்ல மெல்லக் குறைந்தது. நாள்களைப் பிரித்துப் படித்தால் குறைந்த உழைப்பு போதும் என்பதையும் அவரே கண்டார். எவ்வளவு இடைவெளி என்ற கேள்விக்கு 2008-இல் நிக்கோலஸ் செபேடாவும் சக ஆய்வாளர்களும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்து விடை தேடினார்கள். ஒரே இடைவெளி எல்லாருக்கும் பொருந்தாது, எவ்வளவு காலம் நினைவில் நிற்க வேண்டும் என்பதைப் பொறுத்து அது நீளும். சில மாதங்கள் நிற்க வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் ஒரு பங்கு வரை இடைவெளி என்று வைத்துக்கொள்ளலாம். மூன்று மாதத்துக்குப் பிறகு தேர்வு என்றால், இன்று படித்த பாடத்தை ஏறக்குறைய பத்து முதல் பதினெட்டு நாள் கழித்துத் தன்னையே கேட்டுப் பார்ப்பது பொருத்தமாக இருக்கும்.

இடைவெளி ஏன் தேவை என்பதற்கு உயிரணு அளவில் ஒரு விளக்கம் உண்டு. அது மனநல மாணவர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு மூலக்கூறின் வழியே வருகிறது. மனநல மருத்துவராகப் பயிற்சி பெற்றுப் பின்னர் ஆய்வுக்கு வந்த எரிக் கேண்டல், அப்ளீசியா என்ற கடல் நத்தையின் நரம்பணுக்களில் நினைவைத் தேடினார். 2000-ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஆய்வு அது. நரம்பணுவின் மீது ஒரு முறை செரட்டோனினைச் செலுத்தினால் இணைப்பு சில நிமிடங்களுக்கு மட்டும் பலப்பட்டது. இடைவெளி விட்டு ஐந்து முறை செலுத்தியபோது உயிரணுக் கருவுக்குள் மரபணுக்கள் முடுக்கப்பட்டன, புதிய புரதங்கள் உருவாயின, புதிய இணைப்புகளே முளைத்தன. நீடித்த நினைவு ஒரு கட்டுமான வேலை, அதற்குப் பொருள் வந்து சேர நேரம் வேண்டும். தேர்வுக்கு முந்தைய இரவின் படிப்பில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

இனி இந்தத் தேர்வுக்கே உரிய சிக்கல். மனநோய்களின் இலக்கணம் ஒன்றோடொன்று மிக நெருங்கியது. மாயத்தோற்றமும் மாயநம்பிக்கையும் ஒரு நாளுக்கு மேல், ஒரு மாதத்துக்குள் தணிந்துவிட்டால் குறுகியகால மனப்பிறழ்வு. ஒரு மாதம் தாண்டி ஆறு மாதத்துக்குள் என்றால் ஸ்கிசோஃப்ரீனிஃபார்ம். ஆறு மாதத்தைத் தொட்டுவிட்டால் ஸ்கிசோஃப்ரீனியா. மனநிலைக் கோளாறும் சேர்ந்திருந்து, ஆனால் அது இல்லாத இரண்டு வாரமாவது மாயக்குரல்களோ மாயநம்பிக்கையோ நீடித்திருந்தால் ஸ்கிசோஅஃபெக்டிவ். மனநிலையின் மிகை எழுச்சி ஏழு நாளாவது நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கடுமையாகக் குலைத்தால் மேனியா, நான்கு நாளாவது நீடித்தும் அந்த அளவுக்குக் குலைக்காவிட்டால் ஹைப்போமேனியா. ஆனால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போய்விட்டால் நாள்கணக்கு பார்க்காமலே அது மேனியா.

திங்கள்கிழமை ஸ்கிசோஃப்ரீனியா, செவ்வாய்க்கிழமை மேனியாவோ ஹைப்போமேனியாவோ வரும் இருதுருவக் கோளாறு என்று பெட்டி பெட்டியாகப் படிப்பவர் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கெட்டிக்காரராக இருப்பார். திங்கள்கிழமை எழும் எந்தக் கேள்விக்கும் விடை ஸ்கிசோஃப்ரீனியாதான் என்பது அவருக்கு முன்பே தெரியும், ஆகவே எது எது என்று பிரித்தறியும் வேலையை அவர் ஒரு முறைகூடச் செய்யவில்லை. டக் ரோரர், கெல்லி டெய்லர் என்ற ஆய்வாளர்கள் 2007-இல் கணிதப் பயிற்சியில் இதைச் சோதித்தார்கள். ஒரே வகைக் கணக்குகளைத் தொடர்ச்சியாகச் செய்தவர்கள் பயிற்சியின்போது நன்றாகவே செய்தார்கள், ஒரு வாரம் கழித்து நடந்த தேர்வில் 20 சதவீதம்தான் எடுத்தார்கள். கலந்து கலந்து செய்தவர்கள் பயிற்சியில் திணறினார்கள், தேர்வில் 63 சதவீதம் எடுத்தார்கள். கணிதத்தில் கிடைத்த முடிவு இது. நோயறிதலிலும் தேவைப்படுவது அதே பிரித்தறியும் வேலைதான் என்பதால், மனநலப் பாடத்தையும் கலந்தே படிக்க வேண்டும் என்பேன்.

எல்லாவற்றையும் எண்களாக மனப்பாடம் செய்ய வேண்டியதும் இல்லை. லித்தியத்தை எடுத்துக்கொள்வோம். ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் 1949-இல் மேனியாவுக்குப் பயன்படும் என்று அறிவித்த அந்த எளிய உப்பு, இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.2 மில்லி ஈக்விவலன்ட் வரை இருந்தால் மருந்து. 1.5-ஐத் தாண்டினால் நச்சு. எந்தெந்தச் சூழலில் அது ஏறும் என்று கேட்டால் மாணவர்கள் ஒரு நீண்ட பட்டியலை ஒப்பிப்பார்கள்: வாந்தி, வயிற்றுப்போக்கு, உப்பில்லா உணவு, தயசைடு வகைச் சிறுநீர்ப்பெருக்கி, வலிநிவாரணியான இபுப்ரொஃபன். பட்டியலுக்குப் பின்னே இருப்பது சிறுநீரகம். அது லித்தியத்தை ஏறக்குறைய சோடியத்தைப் போலவே நடத்துகிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தை விடாமல் திரும்ப உறிஞ்சும், கூடவே லித்தியமும் உள்ளே வந்துவிடும். தயசைடு உப்பை வெளியேற்றுவதால் அதே நிலை. இபுப்ரொஃபன் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைத்து வெளியேற்றத்தைத் தடுக்கிறது. இதைப் புரிந்தவருக்கு, கோடையில் மாரத்தான் ஓடிய லித்தியம் நோயாளியின் கை ஏன் நடுங்குகிறது என்று பட்டியலில் இல்லாத கேள்வி வந்தாலும் விடை தெரியும்.

மாதிரி வினாத் தொகுப்புகளை மாணவர்கள் பெரிதும் நம்புகிறார்கள், நம்புவதில் தவறில்லை. தவறான விடையைத் தேர்ந்தெடுத்த பிறகு வரும் விளக்கம்தான் அதில் மிகப் பெரிய பலன். முழு நம்பிக்கையோடு சொன்ன விடை தவறு என்று தெரியவரும்போது, தயக்கத்தோடு சொன்ன தவறைவிட அது நன்றாகத் திருந்துகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை. ஆகவே ஒவ்வொரு கேள்விக்கும் விடையோடு, எவ்வளவு உறுதி என்பதையும் குறித்துவைக்கலாம். மற்ற மூன்று விடைகள் ஏன் பொருந்தவில்லை, எந்தக் கேள்விக்கு அவை பொருந்தும் என்று சொல்லிப் பார்த்தால் ஒரு கேள்வி நான்காகிறது. அதே தொகுப்பை மூன்றாம் முறை செய்து 95 சதவீதம் எடுப்பதில் மட்டும் எனக்கு நம்பிக்கை இல்லை. அப்போது கேள்வியின் முதல் வரியைப் பார்த்தே விடை அடையாளம் தெரிகிறது, அது மறுவாசிப்புதான்.

தேர்வு நாளின் பதற்றம் பற்றியும் சொல்ல வேண்டும். பதற்றத்தில் சுரக்கும் கார்ட்டிசால் ஹிப்போகேம்பஸின் மீது செயல்பட்டு, இருக்கும் நினைவை எடுப்பதைத் தடுக்கிறது. 2016-இல் எமி ஸ்மித், விக்டோரியா ஃப்ளர்க்கி, அயன்னா தாமஸ் மூவரும் 120 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். பாதிப்பேர் சொற்களையும் படங்களையும் மறுபடி பார்த்துப் படித்தார்கள், மற்றவர்கள் நினைவிலிருந்து எடுத்துப் பழகினார்கள். மறுநாள் சிலரை முன்னறிவிப்பின்றிப் பிறர் முன்னிலையில் பேசவும் கணக்குப் போடவும் வைத்துப் பதற்றப்படுத்தினார்கள். படித்துப் பழகியவர்களின் நினைவு பதற்றத்தில் சரிந்தது. எடுத்துப் பழகியவர்களின் நினைவு ஏறக்குறைய அப்படியே நின்றது. பதற்றத்தைக் குறைக்க மூச்சுப் பயிற்சி செய்வது நல்லதே. ஆனால் பதற்றப்படும் மூளைக்குள்ளும் திறக்கும் வாசல்களைப் பல மாதம் முன்பே அமைத்துவைப்பது அதைவிட உறுதியானது.

இரவுப் பணி செய்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. பகலில் எலி ஓடிய பாதையின் நரம்புச் செயல்பாடு அது உறங்கும்போது ஹிப்போகேம்பஸில் மீண்டும் ஓடுவதை மேத்யூ வில்சனும் புரூஸ் மெக்நாட்டனும் 1994-இல் பதிவு செய்தார்கள். படித்தது நிலைப்படும் வேலையில் ஒரு பகுதி உறக்கத்தில் நடக்கிறது. பணி முடிந்து காலையில் வீடு திரும்பும் செவிலியர், தூக்கம் வர டைஃபென்ஹைட்ரமின் மாத்திரை போட்டுக்கொள்வது அமெரிக்காவில் சாதாரணம், மருந்துச்சீட்டு இல்லாமலே கிடைக்கும். அது நினைவுக்குத் தேவையான நரம்புச் செய்தி வேதிப்பொருளான அசிட்டைல்கோலினைத் தடுக்கும் மருந்து. முதியவர்களுக்கு நினைவுக் குழப்பத்தை உண்டாக்கும், தவிர்க்க வேண்டும் என்று இதே தேர்வுக்கு அவர் படித்துக்கொண்டிருப்பார். அவருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அறையை நன்றாக இருட்டாக்கி மாத்திரை இல்லாமல் உறங்கப் பாருங்கள். உறங்கும் முன் இருபது நிமிடம் படித்தால் போதும். எழுந்ததும், புத்தகத்தைத் திறக்கும் முன்பாக, நேற்றைய பாடத்தை ஒரு வெற்றுத் தாளில் எழுதிப் பாருங்கள்.