பூங்காப் புல் ஏன் கருகுகிறது? எஸ்.டி.பி. தண்ணீரும் சாஃப்ட்னர் உப்பும்

கோடை முற்றும்போது, எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) வைத்திருக்கும் அடுக்குமாடிச் சங்கங்களிலிருந்து வரும் புகார் பெரும்பாலும் ஒரே ரகம்தான். "எஸ்.டி.பி. தண்ணியைப் பூங்காவுக்கு விட ஆரம்பிச்சதிலிருந்து புல்தரை போச்சு சார். பேசாம லாரித் தண்ணிக்கே மாறிடலாமா?" மாற வேண்டாம் என்றுதான் எப்போதும் சொல்கிறேன். ஆனால் அவர்கள் சொல்வதிலும் பாதி உண்மை உண்டு.

முதலில் கிருமிப் பயம். இதற்கு உலகம் எப்போதோ விடை கண்டுவிட்டது. அமெரிக்காவின் அரிசோனாவில் பாலைவன நகரமான டூசான், 1984 முதல் சுத்திகரித்த கழிவுநீரைத் தனிக் குழாயில் கோல்ஃப் மைதானங்களுக்கும் பூங்காக்களுக்கும் கொடுத்துவருகிறது. நம் நாட்டில் சண்டிகரின் பூங்காக்களுக்கும் மூன்றாம் நிலை சுத்திகரிப்பு முடிந்த நீர் தனிக் குழாயில் போகிறது. குழந்தைகள் உருண்டு விளையாடும் புல்வெளி என்றால், 100 மி.லி. நீரில் மலக் கோலிஃபார்ம் (மலம் கலந்ததைக் காட்டும் பாக்டீரியா) 200-க்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1989-லேயே சொல்லிவிட்டது. வடிகட்டியும் குளோரினும் ஒழுங்காக ஓடினால் அது எட்டக்கூடிய அளவுதான். தெளிப்பானை ஆள் நடமாட்டமில்லாத பின்னிரவில் ஓட்டுங்கள். குடிநீர் இல்லை என்று தெரிய அந்தக் குழாய்க்கு ஊதா நிறம் அடியுங்கள். கைக்கு எட்டும் இடத்தில் சாதாரணத் திருகு குழாய் வைக்காதீர்கள். விளையாடிவிட்டு வரும் பிள்ளை அதில் வாய் வைத்துக் குடிக்கும். குடிநீர்க் குழாயோடு எந்த இடத்திலும், "அவசரத்துக்கு ஒரு வால்வு" என்றுகூட, இணைப்பு கொடுக்கவே கூடாது.

புல்லைக் கொல்வது கிருமி இல்லை, சோடியம். பல இடங்களில் அது வருவது நாமே காசு கொடுத்து வாங்கும் உப்பிலிருந்து.

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் பல குடியிருப்புகளில் போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கடினநீர்தான். அதனால் சாஃப்ட்னர் வைக்கிறார்கள். அது நீரிலுள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகிறது. பிடிக்கும் சக்தி தீர்ந்ததும் உப்புக் கரைசல் விட்டுக் கழுவ வேண்டும். மூட்டை மூட்டையாக உப்பு இறங்குவது இதற்காகத்தான். கழுவிய உப்புநீர் எங்கே போகிறது என்று கேட்டால் பல இடங்களில் யாருக்கும் தெரிவதில்லை. குழாயைத் தொடர்ந்து போய்ப் பார்த்தால் அது எஸ்.டி.பி. சேகரிப்புத் தொட்டியில் முடியும். சில இடங்களில் ஆர்.ஓ. கழிவும் அங்கேதான். எஸ்.டி.பி.யிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும், உப்பைத் தொடாது. உள்ளே போன சோடியம் அப்படியே தோட்டத்துக்கு வந்து சேர்கிறது.

நீரில் கரைந்த மொத்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரைக் காட்டி "அளவு சரியாத்தானே இருக்கு" என்பார்கள். அந்த மீட்டருக்குக் கால்சியமும் சோடியமும் ஒன்றுதான். மண்ணுக்கு அப்படி இல்லை. களிமண் துகள்களைச் சேர்த்துப் பிடிப்பது கால்சியம்; அந்த இடத்தில் சோடியம் உட்கார்ந்தால் துகள்கள் பிரிந்து நுண்துளைகளை அடைத்துவிடும். மேல்மண் ஓடு கட்டும், தண்ணீர் தேங்கும், வேருக்குக் காற்றுப் போகாது. மேலே புல் காய்வதைப் பார்த்துத் தோட்டக்காரர் இன்னும் அதிகமாக அதே தண்ணீரை விடுவார். அவர்மேல் குற்றமில்லை, யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அரிசோனாவின் ஸ்காட்ஸ்டேல் நகரிலும் இதே தொல்லைதான். அங்கும் வீட்டுக்கு வீடு சாஃப்ட்னர். கோல்ஃப் மைதானங்களுக்குப் போகும் நீரில் சோடியத்தைக் குறைக்க ஆர்.ஓ. வைத்தார்கள், சாஃப்ட்னரைக் கழற்றும் வீடுகளுக்கு நகராட்சி பணமும் கொடுத்தது. நமக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. சாஃப்ட்னர் கழிவை எஸ்.டி.பி. பக்கமே விடாமல் தனித் தொட்டியில் பிடித்து முறைப்படி அப்புறப்படுத்துங்கள். மழைநீர் வடிகாலில் திறந்துவிடுவது அதற்குத் தீர்வல்ல. கடிகாரம் பார்த்துக் கழுவும் சாஃப்ட்னரை, ஓடிய நீரின் அளவு பார்த்துக் கழுவும்படி மாற்றினாலே உப்புச் செலவு குறையும்.

எதை நடுகிறோம் என்பதும் முக்கியம். ரோஜாவும் இட்லிப்பூவும் உப்பை முதலில் காட்டிக்கொடுக்கும். அரளியும் புங்கையும் பூவரசும் தாங்கும். கோல்ஃப் மைதானக்காரர்கள் பெர்முடா என்று விலை கொடுத்து வாங்கும் புல், பிள்ளையாருக்கு நாம் சாத்தும் அருகம்புல்லின் உறவுதான். அதுவும் நன்றாகத் தாங்கும்.

இந்த நீரில் உரமும் இருக்கிறது. லிட்டருக்கு 10 மில்லிகிராம் நைட்ரஜன் இருந்தால், ஒரு லட்சம் லிட்டர் விடும்போது ஒரு கிலோ நைட்ரஜன் இலவசமாகச் சேர்கிறது. அந்தக் கணக்கைக் கழிக்காமல் யூரியாவும் போட்டால் புல் வெட்டும் கூலிதான் ஏறும்.

ஆய்வகத்துக்கு நீர் அனுப்பும்போது பி.ஓ.டி., பி.எச்., டி.டி.எஸ். மட்டும் கேட்காமல் சோடியம், கால்சியம், மக்னீசியம் மூன்றையும் கேளுங்கள். அவற்றிலிருந்து எஸ்.ஏ.ஆர். என்ற எண் கிடைக்கும்; கால்சியம், மக்னீசியத்தோடு ஒப்பிட்டால் சோடியம் எவ்வளவு மிஞ்சி நிற்கிறது என்று அது காட்டும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டுதலில், நீரைத் தரையில் பாய்ச்சும்போது சோடியம் செடியைத் தாக்குவதைப் பொறுத்தவரை இந்த எண் 3-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 9-க்கு மேலே கடும் கட்டுப்பாடு வேண்டும். மாதிரியை மே மாதத்தில் எடுங்கள்; அப்போதுதான் நிலைமை மிக மோசமாக இருக்கும். கெட்டுப்போன புல்தரையாக இருந்தால் செப்டம்பரில் மண்ணைக் குத்தித் துளையிட்டு, மண் பரிசோதனை சொல்லும் அளவுக்கு ஜிப்சம் தூவிவிடுங்கள். ஜிப்சத்தின் கால்சியம் சோடியத்தை இடம்பெயர்க்கும். வடகிழக்குப் பருவமழை அதைக் கீழே கழுவிக்கொண்டு போய்விடும்.