சிகரெட்டை நிறுத்த ஏன் இப்போது வேண்டாம், அடுத்த மாதம் என்கிறோம்?

ஏன் விடணும் என்று புகைப்பவரிடம் கேட்டால் உடம்பு, காசு, வீட்டில் குழந்தைகள் என்று பதில் தயாராக இருக்கும். எப்போது என்று கேட்டால்தான் இழுக்கும். புத்தாண்டுக்கு, பிறந்தநாளுக்கு, இந்த வேலை முடியட்டும்.

இதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. உள்ளே இழுத்த புகையிலிருந்து நிக்கோட்டின் 10 முதல் 20 நொடிக்குள் மூளைக்குப் போய், இன்ப உணர்வோடு தொடர்புள்ள டோப்பமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது. அப்புறம் சுமார் 2 மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும், அது குறையக் குறைய எரிச்சல், பதற்றம், எதிலும் மனசு ஒட்டாத நிலை. இப்போதுதான் ஒரு தம் அடித்து முடித்தவருக்கு இதெல்லாம் தெரியாது. பின்னால் வரப்போகும் ஆசையின் பலத்தை அவர் குறைத்தே மதிப்பிடுவார் என்று சோதனைகளிலும் தெரிந்திருக்கிறது. ஆக, தேதி குறிப்பது நிக்கோட்டின் நிரம்பிய மூளை, அந்தத் தேதியில் எழுந்து சமாளிக்க வேண்டியது அது வற்றிப்போன மூளை.

பழக்கத்தை மனிதர்கள் எப்படி விடுகிறார்கள் என்று உளவியலாளர்கள் புரோச்சாஸ்காவும் டிக்ளெமெண்டியும் 1980களில் முன்வைத்த விளக்கத்தில் எல்லாம் படிப்படியாக நடக்கும்: 6 மாதத்துக்குள் விடுவேன் என்பவர் யோசிக்கும் கட்டம், 30 நாளுக்குள் என்பவர் தயாராகும் கட்டம். பார்க்க அழகுதான். ஆனால் ஆய்வாளர்கள் ராபர்ட் வெஸ்ட், தாஜ் சோஹல் இருவரும் இங்கிலாந்தில் விசாரித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், கிட்டத்தட்ட பாதி முயற்சிகள் எந்தத் திட்டமும் இல்லாமல் திடீரென்று நடந்தவை. அவைதான் 6 மாதம் தாண்டி அதிகம் நிலைத்திருந்தன. உள்ளே வெறுப்பு ஏற்கெனவே சேர்ந்து கிடக்கும்போது ஒரு இருமல், குழந்தை கேட்ட ஒரு கேள்வி போதும் என்பது அவர்கள் விளக்கம். அதற்காகத் திட்டமே கெடுதல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அடிமைத்தனம் அதிகமுள்ளவர்கள்தான் திட்டமிடுகிறார்களோ என்னவோ.

இன்னொரு விஷயம், எவ்வளவு நல்ல காரணமாக இருந்தாலும் அது முயற்சியைத் தொடங்க வைக்கும், அவ்வளவுதான். அந்த முயற்சி நிலைக்குமா என்பதைச் சொல்ல, தூங்கி எழுந்து எத்தனை நிமிடத்தில் முதல் சிகரெட் பற்றுகிறது என்ற கேள்வி அதிகம் உதவுகிறது. 5 நிமிடத்துக்குள் என்றால் பிடி பலம். மன உறுதியை மட்டும் நம்பாமல் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை, மருந்து என்று டாக்டரிடம் கேட்பது நல்லது.

சரி, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாமா? 2016இல் சுமார் 700 பேரிடம் நடந்த சோதனையில், குறித்த நாளில் ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49% பேர் 4 வாரம் தாண்டினார்கள், 2 வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39% பேர். இரு தரப்புக்கும் பட்டையும் ஆலோசனையும் கிடைத்தன. விட்டபின் வரும் எரிச்சலும் பதற்றமும் முதல் 2, 3 நாள்தான் மிக மோசம், பெரும்பாலோருக்கு 4 வாரத்துக்குள் அடங்கிவிடும்.