ஒட்டுமாசு

மதுரையை அடுத்த கப்பலூர்ப் பக்கம் கடலை மிட்டாய் செய்யும் ஆலை ஒன்றில், பச்சைக் கடலை இறங்கும் அறைக்கும் வறுத்த கடலையைப் பாகில் சேர்க்கும் கூடத்துக்கும் நடுவிலுள்ள கதவில், ‘குறுக்கு மாசுபாட்டைத் தவிர்க்கவும்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். பயிற்சிக் கையேடுகளில் படித்துப் படித்து எனக்குச் சலித்துப்போன தொடர் அது. பொட்டலம் கட்டும் அம்மா ஒருவர், “குறுக்குன்னா இடுப்புதானே சார், அதுல எப்படி மாசு வரும்?” என்று கேட்டார். குறுக்கு வலி தெரிந்த மதுரைக்காரர் வேறு எப்படிப் படிப்பார்?

அந்தத் தொடரின் ஆங்கில மூலமான கிராஸ் கன்டாமினேஷன் என்பதன் பொருள் எளியது. மண்ணிலிருந்து வரும் பச்சைக் கடலையில் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி இருக்கலாம். சரியாக வறுத்தால் அது சாகும். ஆனால் பச்சையை அள்ளிய கையும் முறமும் வறுத்ததைத் தொட்டால் மறுபடி ஏறிவிடும். கடலை ஓடிய இயந்திரத்தைக் கழுவாமல் எள் மிட்டாய் ஓட்டினால் கடலைத் துணுக்கு அதில் சேரும். கடலை சிலருக்கு ஒவ்வாது, அந்த ஒவ்வாமையை வறுத்தும் போக்க முடியாது. கன்டாமினேஷனின் இலத்தீன் வேர் ‘தொடுதல்’ என்பது.

தமிழில் குறுக்கு என்றால் தடுப்பது, வெட்டிச் செல்வது, சுருக்குவது: குறுக்குச் சுவர், குறுக்குச் சந்து, குறுக்கு வழி. ஒன்றிலிருந்து மற்றொன்றில் போய்ச் சேர்வது என்ற பொருள் இவற்றில் எங்கும் இல்லை. ‘குறுக்கு விசாரணை’யைச் சான்று காட்டுவார்கள். அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் உண்மையிலேயே குறுக்கிட்டுக் கேட்கிறார். ஆலையில் எது குறுக்கிடுகிறது? கிராஸ் என்பதற்கு அகராதியில் கண்ட முதல் பொருளை எடுத்து வைத்தவர், கடலை வறுக்கும் இடத்தில் அரைமணி நேரம் நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டார். ‘மாசுபாடு’ம் உதவவில்லை. ‘மனத்துக்கண் மாசிலன்’ என்ற குறளிலேயே மாசு தனித்து நிற்கிறது. ‘பாடு’ சேர்த்ததும் வைகையில் விழும் சாக்கடைதான் கண்முன் வருகிறது.

செய்தித்தாள்களோ தவறி விழுந்ததையும் கலப்படம் என்றே எழுதுகின்றன. மிளகில் பப்பாளி விதையைச் சேர்ப்பவன் இலாபத்துக்காகச் சேர்க்கிறான், அது கலப்படம். 1954ஆம் ஆண்டு உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின் இடத்தில் வந்த 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம், கலப்படப் பொருளையும் மாசுப்பொருளையும் தனித்தனியே வரையறுக்கிறது. சட்டம் பிரித்து வைத்ததைப் பேனா சேர்த்து வைக்கிறது.

தொடுவதால் ஏறுவது என்ற பொருளில் ‘தீட்டு’ கச்சிதமாகப் பொருந்தும், எல்லாருக்கும் புரியும். ஆனால் அந்தச் சொல்லைச் சொல்லித் தடுக்கப்பட்டவர்கள் 1939இல்தான் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போக முடிந்த ஊர் இது. ஆலைக் கதவில் அதை எழுத என் கை வராது.

சொறி சிரங்கை ‘ஒட்டுவாரொட்டி’ என்பது பழைய வழக்கு: நெருங்கினவரை ஒட்டிக்கொள்வது. இலத்தீன் வேருக்கும் இது பக்கத்தில் நிற்கிறது. அதிலிருந்து ‘ஒட்டுமாசு’ என்று கொள்ளலாம். ‘தொற்றுமாசு’ என்பாரும் உண்டு. தொற்று என்ற சொல்லை நோய் எடுத்துக்கொண்டுவிட்டது, கடலைத் துணுக்கு நோயில்லை. கதவில் நான் எழுதச் சொன்னது இது: ‘பச்சையைத் தொட்ட கை வறுத்ததைத் தொடக் கூடாது, ஒட்டுமாசு ஏறும்.’