7 லட்சத்துக்குக் கிடைத்தாலும் அது 40 லட்சம் ரூபாய் கார்தான்

போன வாரம் ரெக்கவரி வண்டியில் ஒரு கார் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்து இறங்கியது. 2013 மாடல், ஜெர்மன் டீசல் செடான். முன்பக்க வலது சக்கரம் உள்ளே மடங்கிக் கிடந்தது. ஏர்பேக் இரண்டும் வெடித்துத் தொங்கிக்கொண்டிருந்தன. அவிநாசியைத் தாண்டி சேலம் ரோட்டில், சாயங்கால மழையில், பின்பக்கம் வழுக்கிச் சுழன்று நடுத்தடுப்பில் மோதியிருக்கிறது. ஓட்டிய பையனுக்கு 22 வயது. மணிக்கட்டில் பிளேட் வைத்திருக்கிறார்கள். கூட இருந்த நண்பனுக்கு விலா எலும்பில் விரிசல். வண்டி வாங்கி 41 நாள்தான் ஆகியிருந்தது.

நான் முதலில் பார்த்தது டயரைத்தான். பின் டயர் இரண்டிலும் பக்கவாட்டில் சின்ன முட்டை வடிவக் கட்டத்துக்குள் 2614 என்று இருந்தது. 2014-ஆம் வருடம் 26-ஆவது வாரம் தயாரான டயர் என்று அர்த்தம். தரையைத் தொடும் பட்டன் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நகத்தால் அழுத்திப் பார்த்தேன், பதியவே இல்லை. காய்ந்த பனங்கொட்டை மாதிரி இறுகிப் போயிருந்தது. இப்படி இறுகிய ரப்பர் நனைந்த ரோட்டைப் பிடிக்காது. பையனின் அப்பா பக்கத்தில் நின்று, "ஏனுங்க, டயரு நல்லாத்தானுங்க இருக்குது?" என்று கேட்டார். அந்த நேரத்தில் அவரிடம் விளக்கம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வருடம் இப்படி வந்த மூன்றாவது வண்டி இது. மூன்றையும் ஓட்டியவர்கள் 25 வயதுக்குள். மூன்றுமே, வாங்குவதற்கு முன்னால் ஒருமுறைகூட வண்டி தூக்கும் லிஃப்டில் ஏற்றி அடிப்பக்கம் பார்க்காத வண்டிகள். அப்பாவிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் வரும் பையன்கள் எல்லோருமே ஒரே கணக்கைத்தான் சொல்கிறார்கள். "அண்ணா, புதுசா வந்தப்போ இந்த வண்டி 40 லட்சம். எனக்கு 7 லட்சத்துக்குக் கிடைக்குது. புது ஹேட்ச்பேக் வாங்குற காசுல இதை வாங்கிடலாம்ல?" வாங்கலாம்தான். ஆனால் விலை ஏன் 40-லிருந்து 7-க்கு இறங்கியது என்று யாரும் கேட்பதில்லை. வண்டி பழசானதால் மட்டும் இறங்கவில்லை. அதை வைத்துப் பராமரிக்க ஆகும் செலவுக்குப் பயந்து ஆட்கள் கைமாற்றுவதால் இறங்கியது. முதல் ஓனர் வாரன்டி முடியும் வரை ஓட்டுகிறார். இரண்டாவது ஓனர் பெரிய செலவு தலைகாட்டும்வரை ஓட்டுகிறார். அந்தச் செலவு வரும் நேரத்தில் மூன்றாவதாக நீங்கள் வாங்குகிறீர்கள். விலையில் குறைந்த லட்சங்களில் ஒரு பகுதி, நீங்கள் இனிமேல் கட்டப்போகும் பில்.

இதை இன்னும் ஒருமுறை சொல்கிறேன், ஏனென்றால் தலையாட்டிவிட்டுப் போய் மறுநாள் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறார்கள். காரின் விலைதான் செகண்ட் ஹேண்டில் குறையும். பிரேக் டிஸ்க்கின் விலை குறையாது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்ம் விலை குறையாது. இஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் செய்கிற கம்பெனிக்கு உங்கள் வண்டி மூன்றாவது ஓனரிடம் இருக்கிறது என்று தெரியாது. 40 லட்சம் வண்டிக்கு என்ன பார்ட்ஸ் விலையோ அதேதான் 7 லட்சம் கொடுத்தவருக்கும். 18 இன்ச் சக்கரத்துக்கு நல்ல கம்பெனி டயர் நான்கு போட்டால் 60,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சத்துக்கு மேலேயும் போகும். ஹேட்ச்பேக் வைத்திருக்கும் உங்கள் நண்பன் அதில் மூன்றில் ஒரு பங்குகூடச் செலவு செய்வதில்லை.

சரி, பணம் தீர்ந்துபோனால் என்ன ஆகிறது? வண்டி நிற்பதில்லை, ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அதுதான் ஆபத்து. ஏசி நின்றால் அன்றைக்கே கொண்டு வந்துவிடுகிறார்கள். சென்ட்ரல் லாக் வேலை செய்யவில்லை என்றால் மறுநாள் வந்துவிடுவார்கள். டயர் இறுகிப்போனதும், பிரேக் ஆயில் நான்கு வருடமாக மாற்றாததும், சஸ்பென்ஷனின் ரப்பர் புஷ் கிழிந்ததும் நகருக்குள் 40-இல் ஓட்டும்போது தெரியவே தெரியாது. அதனால் தள்ளிப்போடப்படுவது எப்போதும் இவைதான். இஞ்சின் மட்டும் அதே 184 குதிரைத்திறனோடு இருக்கிறது. 100-இல் போகும் வண்டியை நிறுத்துவதைவிட 140-இல் போகும் வண்டியை நிறுத்தக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தூரம் வேண்டும். அதுவும் டயர் நன்றாக இருந்தால்.

ஆகவே எங்கள் ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் சொல்லும் கணக்கு இதுதான்: கையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கைத் தொடாதீர்கள். 9 லட்சம் இருந்தால் 6 லட்சத்துக்கு வண்டி பாருங்கள். மீதியில் முதல் மாதமே நான்கு டயர், பிரேக் ஆயில், தேவைப்பட்டால் பேடும் டிஸ்க்கும், எல்லா ஃபில்டரும் ஆயிலும். மிச்சத்தை பேங்கில் போட்டு மறந்துவிடுங்கள், வண்டியே ஞாபகப்படுத்தும். முழுப் பணத்தையும் வண்டிக்கே கொடுத்து, அதற்கு மேல் லோனும் போட்டு வாங்குகிறவர்கள்தான் வால்பாறையிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு இறங்கும்போது பிரேக் பெடல் அடிவரை போகிறது என்று ஆழியாறிலிருந்து போன் பண்ணுகிறார்கள்.

குறிப்பிட்ட மாடல்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பி.எம்.டபிள்யூ 320டி-யின் பழைய என்47 இஞ்சினில், வால்வுகளை இயக்கும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. செயின் மாற்ற கியர்பாக்ஸையோ இஞ்சினையோ இறக்கியாக வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டில் உரசுகிற மாதிரி சத்தம் கேட்டால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். ஸ்கோடா லாரா, சூப்பர்ப், ஆடி ஏ4-இல் வந்த பழைய 1.8 டர்போ பெட்ரோலில் சில வருட மாடல்கள் ஆயில் குடிக்கும். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஊற்றுகிறார் என்று ஓனரிடம் நேராகக் கேளுங்கள். ஃபோக்ஸ்வாகன் போலோ ஜி.டி, வென்டோ டி.எஸ்.ஐ-யில் வரும் 7 ஸ்பீடு டி.எஸ்.ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் இருப்பது ஆயிலில் மூழ்காத டிரை கிளட்ச், கோவை காந்திபுரம் நெரிசலில் தினமும் ஊர்ந்தால் சூடாகித் தேயும். முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகும்போது நடுக்கம் இருக்கிறதா என்று மெதுவாக ஓட்டிப் பார்க்க வேண்டும். டெஸ்ட் டிரைவ் என்றதும் ஹைவேயில் மிதிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை, குறை தெரிவது ஊர்ந்து போகும்போதுதான். 2017-இல் வந்த 230 குதிரைத்திறன் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்-இல் இருப்பது 6 ஸ்பீடு டி.எஸ்.ஜி, ஆயிலில் மூழ்கிய வெட் கிளட்ச். நல்ல கியர்பாக்ஸ், ஆனால் 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அதன் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். மாற்றிய பில் இல்லை என்றால் மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு கதவு கூபே வேண்டும் என்று வருகிறவர்களுக்கு: நம் ஊரில் அவை மிகக் குறைவு. ஒரு ஹெட்லைட் உடைந்தால் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடும். கம்பெனியே நாட்டில் கடையைச் சுருக்கிவிட்ட வண்டிகளும் அப்படித்தான். திருவள்ளூரில் தயாரான மிட்சுபிஷி சீடியாவை ஓட்ட எனக்கு இன்றைக்கும் ஆசை. ஆனால் அதற்கு பாடி பார்ட்ஸ் தேடிச் சென்னை புதுப்பேட்டையில் கடை கடையாக அலைகிறவர்களைத் தெரியும். இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளலாம், முதல் வண்டியாக வேண்டாம்.

வண்டியைப் பார்க்கப் போகும்போது நீங்களே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் நீங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். "இன்னொரு நாள் வர்றேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். சாவியை ஆன் செய்ததும் மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிய வேண்டும், சில வினாடியில் அணைய வேண்டும். அணையாவிட்டால் கோளாறு. எரியவே இல்லை என்றால் இன்னும் மோசம். ஒருமுறை வெடித்த ஏர்பேக்கை மாற்றாமல், அந்த விளக்கை மட்டும் செயலிழக்க வைத்து விற்ற வண்டிகளை என் கையால் பிரித்திருக்கிறேன். ஒரு ஸ்டீயரிங் கவருக்குள் பழைய துணிதான் இருந்தது. அந்த வண்டியை ஒரு காலேஜ் பையன் எட்டு மாதம் ஓட்டியிருக்கிறான்.

அப்புறம் சீட் பெல்ட். முழுவதுமாக, கடைசிவரை வெளியே இழுங்கள். அடியில் தைத்த லேபிளில் தயாரித்த தேதி இருக்கும். வண்டி 2014, பெல்ட் 2019 என்றால் இடையில் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். பெல்ட்டின் உள்பாதியில் கோடு போட்ட மாதிரி சேற்றுக் கறை தெரிந்தால் அது தண்ணீரில் நின்ற வண்டி. 2015-லும் 2023 டிசம்பரிலும் சென்னையில் மூழ்கிய கார்கள் எல்லாம் பழைய இரும்புக்குப் போய்விடவில்லை. எங்கேயோ கழுவி, பாலிஷ் போட்டு, வேறு ஊரில் நிற்கின்றன.

மீட்டரில் காட்டும் கிலோமீட்டரை நம்ப வேண்டாம். நல்ல ஸ்கேனர் இருந்தால் சில வண்டிகளில் மாட்யூல் எனப்படும் மற்ற சின்னக் கம்ப்யூட்டர்களிலும் அந்த எண் கிடைக்கும். பல பி.எம்.டபிள்யூ வண்டிகளில் சாவியிலேயே பதிந்திருக்கும். அந்த எண்ணும் மீட்டர் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் பேரம் பேசாதீர்கள், கிளம்பிவிடுங்கள்.

ரீமேப் செய்த வண்டி, அதாவது இஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றிச் சக்தியைக் கூட்டிய வண்டி என்று பெருமையாக விற்பார்கள். "ஸ்டேஜ் ஒன் பண்ணிருக்கு, 40 குதிரை கூடுதல்" என்பார்கள். அந்தக் கூடுதலுக்கு கிளட்ச், கூலிங், பிரேக் எதை மாற்றினார்கள் என்று கேளுங்கள். பெரும்பாலும் ஸ்டிக்கர் மட்டும்தான் மாறியிருக்கும். ஆர்.சி-யில் கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு சொல்கிறது. விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயரும் அதைத்தான் தேடுவார்.

இன்ஷூரன்ஸ் என்றதும் முதலில் சொன்ன அந்த 22 வயதுப் பையன் ஞாபகம்தான் வருகிறது. அவன் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. வண்டி கைமாறிய 14 நாளுக்குள் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்து மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் உங்கள் வண்டிக்கான சேதத்தைக் கேட்க முடியாது. அவனுக்கு அப்படித்தான் ஆகியிருக்கிறது. வண்டி நொறுங்கிக் கிடக்கிறது, லோன் தவணை மட்டும் மாதாமாதம் 5-ஆம் தேதி போகிறது. வெளியூர் வண்டி என்றால் பேப்பரும் முக்கியம். டில்லியில் 10 வருடத்துக்கு மேலான டீசலுக்குத் தடை வந்ததிலிருந்து அங்கிருந்து மலிவாக வண்டிகள் இறங்கின. புதுச்சேரி நம்பரிலும் இந்த வகைக் கார்கள் நிறையவே இருக்கின்றன. பழைய ஆர்.டி.ஓ தரும் என்.ஓ.சி, இங்கே கட்ட வேண்டிய சாலை வரி, பேங்க் அடமானம் நீக்கியதற்கான படிவம் 35, எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் பணம்.

அப்பா அம்மாக்களிடம் ஒரு வேண்டுகோள். பையனோ பெண்ணோ சம்பாதித்து ஆசைப்பட்டு வாங்கும்போது தடுக்காதீர்கள், கூடப் போங்கள். "வாங்கித் தர்றேன், ஆனா டயரும் பிரேக்கும் நான்தான் முதல்ல மாத்துவேன்" என்று சொல்லுங்கள். பிறந்தநாள் பரிசாக அலாய் வீல் வாங்கித் தருகிறவர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கித் தரலாம்.

என்ன வாங்கச் சொல்வீர்கள் என்று கேட்டால், 20 வயதுக்காரருக்கு என் பதில் மாறவே இல்லை. 100 முதல் 120 குதிரைத்திறன், பெட்ரோல், மேனுவல் கியர், ஒரே ஓனர், முழு சர்வீஸ் பில். ஸ்கோடா ரேபிட், வென்டோ பாருங்கள். வழுக்கும்போது தானே பிரேக் போட்டு வண்டியை நேராக்கும் ஈ.எஸ்.பி இருக்கிற வேரியன்ட் கிடைக்கிறதா என்று தேடுங்கள். சாவி ஆன் செய்ததும் வழுக்கும் கார் படம் போட்ட விளக்கு எரிந்து அணைய வேண்டும். அதற்காக 50,000 கூடக் கொடுத்தாலும் தப்பில்லை. வேகமாக ஓட்ட ஆசையாக இருந்தால் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிறது, ஹெல்மெட் போட்டுக்கொண்டு அங்கே ஓட்டுங்கள். எதிரில் மாட்டு வண்டியும் வராது, டவுன் பஸ்ஸும் வராது. இரண்டு வருடம் இப்படி ஓட்டிவிட்டு வாருங்கள், அந்த ஜெர்மன் வண்டியை நானே தேடித் தருகிறேன்.

டோக்கன் கொடுப்பதற்கு முன்னால் எங்களிடம் மட்டும் என்றில்லை, பக்கத்தில் நம்பிக்கையான எந்த ஒர்க்‌ஷாப்புக்காவது கொண்டு போங்கள். லிஃப்டில் ஏற்றி, ஸ்கேனர் போட்டுப் பார்க்க ஒன்றரை மணி நேரம் ஆகும். காலை எட்டு மணிக்கு வந்தால் நல்லது, இஞ்சின் குளிர்ந்திருக்கும்.